நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்: உருவாக்கமும் பின்வாழ்வும்

நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ் என்பது அமெரிக்காவின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகா 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட பாடல். தலைப்பைத் தமிழில் 'வேறெதுவும் பொருட்டல்ல' என்று சொல்லலாம். குழுவின் பெயரையே தாங்கி வந்த ஐந்தாவது இசைத்தொகுப்பில் இது எட்டாவது பாடல். 1992 ஏப்ரலில் தனிப்பாடலாகவும் வெளிவந்தது. நீளம் 6 நிமிடம் 28 நொடி. எழுதியவர்களாக ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லார்ஸ் உல்ரிக் இருவர் பெயரும் பதிவாகியுள்ளன. தயாரிப்பாளர் பாப் ராக். (பாப் ராக் என்பது அவருடைய பெயர், இசைவகையின் பெயர் என்று மாணவர்கள் மயங்க வேண்டாம்.)

இப்பாடல் வெளிவந்தபோது மெட்டாலிகாவின் பழைய ரசிகர்களில் ஒரு சாரார் இதைத் துரோகம் என்றே கருதினர். இன்று மெட்டல் இசையைக் காதால் கேட்டறியாதவர்களுக்கும் தெரிந்த ஒரே மெட்டாலிகா பாடல் பல நாடுகளில் இதுவாகவே இருக்கிறது. பாடல் எப்படி உருவானது, அதன்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நிற்கும், பாடியவர்களை விட்டு அது எப்படிப் பிறர் உடைமையானது என்பவற்றை இக்கட்டுரை பார்க்கிறது.

பவர் பாலட்

'பாலட்' என்பது ஐரோப்பிய மரபில் கதை சொல்லும் பாட்டு. நம் கதைப்பாடலுக்கு அருகில் வைக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் வெகுசன இசையில் அச்சொல் பொருள் மாறி, மெல்ல நகரும் காதல் பாட்டைக் குறிக்கத் தொடங்கியது. ராக் குழுக்கள் அத்தகைய பாட்டை எடுத்துத் தங்கள் மின்கிதாரையும் டிரம்ஸையும் சேர்த்தபோது அதற்குப் 'பவர் பாலட்' என்று பெயர் வந்தது. ஏரோஸ்மித் குழுவின் 'ட்ரீம் ஆன்' (1973) இதன் முன்னோடிகளுள் ஒன்று. 1980-களில் ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ், அமெரிக்காவின் மோட்லி குரூ, பாய்சன் முதலிய குழுக்கள் இதை ஒரு நிலையான வாய்பாடாகவே ஆக்கிவிட்டன.

வாய்பாடு எளியது. தொடக்கத்தில் ஒரு கிதாரோ பியானோவோ தனியே ஒலிக்கும். பாடகர் தாழ்ந்த குரலில் தொடங்குவார். இரண்டாம் சரணத்துக்கு முன்னோ பின்னோ டிரம்ஸ் இடிபோல் விழும். பல்லவி உயரும். நடுவில் மின்கிதார் தனி ஆவர்த்தனம் போல ஒரு சுற்று வாசிக்கும். பின்னர் பல்லவி இன்னும் உரக்கத் திரும்பி வரும். சில பாடல்களில் சுருதியே ஒரு படி மேலே ஏறும். கூட்டத்தினர் சிகரெட் லைட்டரை ஏற்றி உயர்த்திப் பிடிப்பார்கள்.

இதில் வணிகமும் உண்டு. 1981-இல் தொடங்கிய எம்.டி.வி. தொலைக்காட்சியும் வானொலி நிலையங்களும் கடுமையான மெட்டல் பாடல்களைப் பகல் வேளையில் ஒலிபரப்பத் தயங்கின. மெதுவான பாடலை ஒலிபரப்பின. எனவே ஒரு தொகுப்பில் ஒன்றிரண்டு பாலட்கள் இருப்பதை இசைத்தட்டு நிறுவனங்கள் விரும்பின. இதனாலேயே தீவிர மெட்டல் ரசிகர்களுக்குப் பவர் பாலட் என்றால் இளக்காரம். அதைப் பாடும் குழு காசுக்குப் பாடுகிறது என்பது அவர்கள் கணிப்பு.

1991 வரை மெட்டாலிகா

டென்மார்க்கில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் உல்ரிக்கும், கிதார் வாசித்துப் பாடும் ஹெட்ஃபீல்டும் 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய குழு இது. 'த்ராஷ் மெட்டல்' எனப்படும் மிக வேகமான இசைப்பிரிவை உருவாக்கியவர்களில் இவர்களும் அடங்குவர். போர், மரணம், போதை, அதிகாரம் ஆகியவையே இவர்களது பாடுபொருள். ஒப்பனை செய்து, தலைமுடியைக் குலைத்து அலங்கரித்துக்கொண்டு காதல் பாட்டுப் பாடிய 'கிளாம்' குழுக்களை இவர்கள் வெளிப்படையாகவே எள்ளினர்.

மெதுவான பாடல் இவர்களுக்கு முற்றிலும் புதிதன்று. 1984-இல் 'ஃபேட் டு பிளாக்', 1986-இல் 'வெல்கம் ஹோம்', 1988-இல் 'ஒன்' எனத் தொகுப்புக்கு ஒன்றாக மெல்லத் தொடங்கும் பாடல்களை அமைத்திருந்தனர். ஆனால் அவை மூன்றும் பாதியில் வேகமெடுத்துப் பேரொலியாக முடிபவை. அவற்றின் பொருளும் தற்கொலை எண்ணம், மனநலக் காப்பகச் சிறை, போரில் கைகால்களையும் புலன்களையும் இழந்த வீரன் என்று இருண்டவை. 'ஃபேட் டு பிளாக்' வந்தபோதே 'குழு விலைபோய்விட்டது' என்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காதலைப் பற்றி, அதுவும் இறுதிவரை மெதுவாகவே செல்லும் ஒரு பாடலை அதுவரை அவர்கள் வெளியிட்டதில்லை.

ஒரு கையில் தொலைபேசி

பாடல் பிறந்த கதையை ஹெட்ஃபீல்ட் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அவர் அன்றைய காதலியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கை தொலைபேசியைப் பிடித்திருந்தது. மற்றொரு கை மடியில் இருந்த கிதாரின் தந்திகளைச் சும்மா மீட்டிக்கொண்டிருந்தது.

கிதார் வாசிப்போருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். கிதாரின் ஆறு தந்திகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் சுரங்களுக்குச் சுருதி கூட்டப்பட்டிருக்கும். சாதாரணமாக இடக்கை விரல்கள் தந்தியை அழுத்திச் சுரத்தை மாற்ற, வலக்கை மீட்டும். இடக்கையில் தொலைபேசி இருந்தால் அழுத்த முடியாது. திறந்த தந்திகளை மட்டுமே மீட்டலாம். தடித்த ஈ தந்தியை ஒருமுறை தட்டிவிட்டு, மேலேயுள்ள ஜி, பி, ஈ மூன்றையும் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் தொட்டால் ஈ மைனர் என்னும் கூட்டுச்சுரம் தானே உருவாகிவிடும். ஈ என்பதை ஷட்ஜமாகக் கொண்டால் அவை ச, க (சாதாரண காந்தாரம்), ப, மேல் ச. பாடலின் முதல் சில நொடிகள் முழுவதும் இவ்வளவுதான். உலகெங்கும் கிதார் பழகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே இதை வாசித்துவிடுவதற்கும் இதுவே காரணம். கிதார் விற்கும் கடைகளில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருப்பார்கள்.

இந்த மெட்டை வளர்த்து, பயணங்களில் காதலியைப் பிரிந்திருக்கும் ஏக்கத்தைச் சொற்களாக்கி, ஹெட்ஃபீல்ட் தனக்காகவே வைத்துக்கொண்டார். குழுவினரிடம் காட்டவும் அவருக்கு முதலில் விருப்பமில்லை. அழிவையும் சினத்தையும் பாடும் மெட்டாலிகாவுக்கு இது பொருந்தாது என்றே எண்ணினார். உல்ரிக் கேட்ட பிறகுதான் அது குழுவின் பாடலாயிற்று.

அவர் தயங்கியதற்கு வேறு காரணமும் இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஹெட்ஃபீல்டின் பெற்றோர் மருத்துவத்தை ஏற்காத 'கிறிஸ்தவ அறிவியல்' என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தந்தை அவருடைய சிறுவயதிலேயே குடும்பத்தை விட்டுச் சென்றார். புற்றுநோய் கண்ட தாய் ஹெட்ஃபீல்டுக்கு 16 வயதாக இருந்தபோது இறந்தார். இதே தொகுப்பில் உள்ள 'தி காட் தட் ஃபெயில்ட்' அந்தக் கசப்பிலிருந்து எழுந்த பாடல். அப்படி வளர்ந்த ஒருவர் கோபத்தைப் பாடுவது எளிது. ஒருவரை நம்புகிறேன் என்று பாடுவது கடினம்.

ஒலிப்பதிவுக் கூடத்தில்

1990 அக்டோபர் முதல் 1991 ஜூன் வரை, நார்த் ஹாலிவுட் பகுதியில் இருந்த 'ஒன் ஆன் ஒன்' ஒலிப்பதிவுக் கூடத்தில் தொகுப்பு உருவானது. செலவு ஏறத்தாழ 10 லட்சம் டாலர். தயாரிப்பாளர் பாப் ராக் அதற்கு முன் மோட்லி குரூவின் 'டாக்டர் ஃபீல்குட்' (1989) தொகுப்பைத் தயாரித்தவர். மெட்டாலிகா யாரைக் கேலி செய்ததோ அவர்களுடைய தயாரிப்பாளரையே அழைத்துவந்தது என்பது ரசிகர்களின் முதல் மனக்குறை. அத்தொகுப்பின் கனத்த ஒலி தங்களுக்கும் வேண்டும் என்பதே குழுவின் விருப்பம்.

ராக் செய்த பெரிய காரியம் ஹெட்ஃபீல்டைப் பாட வைத்தது. அதுவரை அவர் குரல் குரைப்பு போன்றது. வேகத்துக்கு அது ஏற்றது. இத்தொகுப்புக்காக முறையாகக் குரற்பயிற்சி எடுத்துக்கொண்டார். கிறிஸ் ஐசக்கின் 'விக்கெட் கேம்' பாடலைப் போல மென்மையாகப் பாட வேண்டும் என்று அவரே ராக்கிடம் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ் பாடலில் அவர் குரல் நயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. தாழ்ந்த இடங்களில் கரகரக்கிறது. சொற்களின் ஈற்றில் பழைய உறுமல் எட்டிப் பார்க்கிறது. பாட்டு நம்பத்தகுந்ததாக இருப்பதற்கு இந்தக் கரடுமுரடே பெரிதும் உதவுகிறது என்பது என் கருத்து. இதையே இனிய குரலுடைய ஒருவர் பாடியிருந்தால் 1991-இல் வெளிவந்த நூறு காதல் பாட்டுகளில் ஒன்றாகப் போயிருக்கும்.

குழுவின் முதன்மைக் கிதார் கலைஞர் கிர்க் ஹாமெட் இந்த ஒலிப்பதிவில் வாசிக்கவேயில்லை. இறுதியில் வரும் தனி வாசிப்பும் ஹெட்ஃபீல்டுடையதே. மெட்டாலிகாவில் இது அரிது. ஹாமெட் வேகமாக, சுரங்களைக் கொட்டி வாசிப்பவர். ஹெட்ஃபீல்டின் வாசிப்பில் சுரங்கள் குறைவு. ஒவ்வொரு சுரமும் இழுத்து வளைக்கப்படுகிறது. குரலால் சொல்லத் தயங்கியதைக் கிதாரால் சொல்லி முடிப்பது போல அது அமைந்திருக்கிறது. மேடை நிகழ்ச்சிகளில் நிலைமை வேறு: ஒலிப்பதிவில் இல்லாத ஹாமெட்தான் அந்தத் திறந்த தந்தித் தொடக்கத்தைத் தனியாக நின்று வாசிக்கிறார்.

மைக்கேல் கேமன் எழுதிய வாத்தியக் குழு இசை பின்னர் சேர்ந்தது. கேமன் 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவின் 'தி வால்' தொகுப்பில் பணியாற்றியவர். 'டை ஹார்ட்' முதலிய திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். வயலின் வகைக் கருவிகள் நிறைந்த அவருடைய இசையைக் குழுவினர் இறுதிக் கலவையில் மிகவும் தாழ்த்தியே வைத்தனர். கவனமாகக் கேட்டால்தான் பின்னணியில் அது ஓடுவது தெரியும். மெட்டல் குழுவுக்கு இருந்த கூச்சம் இதில் வெளிப்படுகிறது. ஆனால் அந்தக் கூச்சத்தால் பாடலுக்கு நன்மையே விளைந்தது. பின்னர் 'சேட் பட் ட்ரூ' தனிப்பாடலின் மறுபக்கத்தில் டிரம்ஸும் மின்கிதாரும் நீக்கப்பட்டு, குரலும் மின்சாரமற்ற கிதாரும் வாத்தியக் குழுவும் மட்டும் உள்ள வடிவம் ஒன்று வந்தது. அதற்கு 'லிஃப்ட் வடிவம்' என்று தாங்களே கிண்டலாகப் பெயர் வைத்தனர். லிஃப்டிலும் கடைகளிலும் ஓடவிடும் மெல்லிசை என்னும் பொருளில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போருக்குக் கேமனின் திறமை லிஃப்ட் வடிவத்தில் நன்றாகத் தெரியும். பாட்டு எதில் வலுவாக நிற்கிறது என்று கேட்டால் முதல் வடிவத்தில்தான்.

பாடலின் அமைப்பு

மெட்டல் பாடல்களில் பெரும்பாலானவை நான்கு நான்காக எண்ணும் தாளத்தில், நம் வழக்கில் சொன்னால் சதுஸ்ர நடையில் அமைபவை. பவர் பாலட்களும் அப்படியே. இப்பாடல் 6/8 தாளத்தில் அமைந்தது. ஓர் அடிக்கு மூன்று துடிப்பு என்ற கணக்கில் திஸ்ர நடை போல அசையும். தொட்டில் ஆடும் அசைவு இதில் இருக்கிறது. பாடல் மெதுவாக இருந்தாலும் இழுவையாகத் தோன்றாததற்கு இந்த நடையே காரணம்.

சுரவரிசை பெரும்பாலும் இயற்கை மைனர். நம் நடபைரவி மேளத்தின் சுரங்களை ஒத்தது. இடையிடையே வேறு சுரங்களும் வந்து போகும். இதை வைத்துக்கொண்டு 'மெட்டாலிகா நடபைரவி ராகத்தில் பாடியது' என்று யாரும் எழுதிவிட வேண்டாம். சுரம் ஒத்திருப்பது வேறு, ராகம் வேறு.

தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் குரலே வராது. வானொலிக்காகச் செய்யப்படும் பாடலில் ஒரு நிமிடம் பாடகரைக் காக்க வைப்பது வழக்கத்துக்கு மாறானது. பின்னர் டிரம்ஸ் சேர்கிறது. இடியாக விழாமல் நடையோடு வந்து இணைகிறது. பல்லவி என்று சொல்லத்தக்க பகுதி மிகச் சிறியது. மற்றப் பவர் பாலட்களில் கூட்டம் சேர்ந்து கத்துவதற்கென்றே நீண்ட பல்லவி இருக்கும். இங்கே இரண்டு மூன்று தொடர்கள் உயர்ந்து, தலைப்புச் சொல்லில் இறங்கி அடங்கிவிடுகின்றன. சுருதி மேலே ஏறுவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிதார் தனி வாசிப்பு நடுவில் வராமல் பாட்டின் இறுதிப் பகுதியில் வருவது. அதன்பின் உரத்த பல்லவி ஏதும் இல்லை. ஒலி குறைந்து, தொடக்கத்தில் கேட்ட மீட்டல் மறுபடி கேட்டு, மங்கி மறைகிறது. உச்சத்தில் நிறுத்திக் கைத்தட்டல் வாங்கும் இடத்தில் இப்பாடல் அறையை விட்டு வெளியேறுகிறது.

குறையும் உண்டு. ஆறரை நிமிடத்துக்குச் சரணங்களின் மெட்டு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது; சொற்களும் மீண்டும் வருகின்றன. மூன்றாம் நிமிடத்துக்குப் பிறகு புதிதாக ஏதும் சொல்லப்படவில்லை. தனி வாசிப்பு இல்லாவிட்டால் கடைசிப் பகுதி சோர்ந்திருக்கும்.

நாமா, நாங்களா?

பாடலின் சொற்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. காதலிக்காக எழுதப்பட்ட இப்பாட்டில் 'காதல்' என்ற சொல் எங்கும் வருவதில்லை. பெண்ணைக் குறிக்கும் சொல் இல்லை. கண், கூந்தல், இதழ் என்று எவ்வகை வருணனையும் இல்லை. முத்தமோ பிரிவுக் கண்ணீரோ இல்லை. இருப்பவை தொலைவு, நெஞ்சு, நம்பிக்கை, தன்னைத் திறந்து காட்டுதல் ஆகியவை. அவற்றோடு 'நான்', 'நீ', 'நாம்', 'அவர்கள்' என்னும் நான்கு இடப்பெயர்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன அறிவார்கள் என்பதில் எனக்கு அக்கறை இருந்ததில்லை என்பது பல்லவியின் கருத்து.

இதைத் தமிழாக்க முயல்வோருக்கு முதல் சரணத்திலேயே சிக்கல் எழும். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் இரண்டு: கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', கேட்பவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. முதலாவதை இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறோம். ஹெட்ஃபீல்ட் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த பெண்ணிடம் சொன்னபோது அது 'நாம்'. அதே பாட்டை இசைத்தட்டில் நம்மிடம் பாடும்போது, முறைப்படி அது 'நாங்கள்' ஆக வேண்டும். நானும் அவளும், நீங்கள் இல்லை. ஆங்கிலச் சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கேட்பவர் யாரும் தடுக்காததால் அந்த 'நாம்' என்பதற்குள் நுழைந்துவிடுகிறார். அரங்கில் ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து பாடும்போது காதலி போய்விடுகிறாள். பாடுகிற கூட்டமே 'நாம்' ஆகிறது. 'அவர்கள்' யார் என்பதை ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியபடி நிரப்பிக்கொள்கிறார்கள்: பெற்றோர், ஆசிரியர், முதலாளி, ஊரார்.

ஹெட்ஃபீல்டுக்கே இதை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை அவர் நேர்காணலில் குறிப்பிட்டுள்ளார். 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்னும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தாரின் நியூயார்க் மன்றத்துக்குச் சென்றபோது, இறந்துபோன தங்கள் தோழர் ஒருவரைப் பற்றி அவர்கள் தயாரித்த படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினர். பின்னணியில் ஒலித்தது இந்தப் பாடல். முரட்டு ஆண்களின் தோழமைக்கும் இரங்கலுக்கும் அது பொருந்திப் போயிருந்தது. திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் ஒரே பாட்டு ஒலிக்க முடிவதற்குக் காரணம் அதன் சொற்களில் உள்ள இந்த வெற்றிடம். கவிதை என்ற அளவில் இச்சொற்கள் எளியவை, சில இடங்களில் தட்டையானவை. ஆனால் பாட்டுக்கு வேண்டியது இதுவே. நிறைய வருணித்திருந்தால் வேறு யாரும் உள்ளே வந்திருக்க முடியாது.

'விலைபோய்விட்டார்கள்'

தொகுப்பு 1991 ஆகஸ்ட் 12 அன்று வெளிவந்தது. கறுப்பு அட்டையால் 'பிளாக் ஆல்பம்' என்றே அழைக்கப்படும் அது அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 'என்டர் சாண்ட்மேன்', 'தி அன்ஃபர்கிவன்' ஆகியவற்றுக்குப் பிறகு மூன்றாவது தனிப்பாடலாக வந்தது நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ். பிரிட்டனின் தரவரிசையில் 6-ஆம் இடம், அமெரிக்காவின் பில்போர்ட் முதல் நூறில் 34-ஆம் இடம் பெற்றது. அப்படியொன்றும் உச்சம் தொட்ட வெற்றி அன்று. அதன் பெரும் செல்வாக்கு பின்னால் மெதுவாக வந்தது.

த்ராஷ் ரசிகர்களின் குற்றச்சாட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது: வேகத்தைக் கைவிட்டார்கள், கிளாம் குழுக்களின் தயாரிப்பாளரை அமர்த்தினார்கள், இறுதியில் கிளாம் குழுக்களைப் போலவே பாலட்டும் பாடிவிட்டார்கள். முதல் இரண்டும் உண்மை, குழுவே மறுக்கவில்லை. பாடல்கள் சுருங்கின, நடை தளர்ந்தது, பெரிய அரங்குகளை நிரப்பும் எண்ணம் இருந்தது. தொகுப்பு முழுவதையும் வைத்துப் பார்த்தால் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது.

இந்தப் பாடல் மட்டும் அதில் சிக்காது என்று தோன்றுகிறது. விற்பனைக்காகச் செய்யப்பட்டதாயின் ஒரு நிமிட முன்னிசை ஏன்? சிறுத்த பல்லவி ஏன்? வாத்தியக் குழுவை ஏன் அடக்கிவைக்க வேண்டும்? எழுதியவர் குழுவினரிடமே காட்டத் தயங்கினார் என்பது எல்லாவற்றுக்கும் மேலான சான்று. வாய்பாட்டின் வெளித்தோற்றம் இருக்கிறது. உள்ளே அதன் உறுப்புகள் பல கழற்றப்பட்டுள்ளன. இதே தொகுப்பின் 'தி அன்ஃபர்கிவன்' வாய்பாட்டைத் தலைகீழாக்கியது, அதாவது சரணம் கனமாகவும் பல்லவி மென்மையாகவும் வரும்படி. குழு வாய்பாட்டைத் தெரிந்தே கையாண்டது என்பதற்கு அது இன்னொரு சான்று.

ஆயினும் அக்கால மெட்டாலிகாவின் இரட்டை நிலையை மறைக்கக் கூடாது. ஆடம் டூபின் இயக்கிய இப்பாடலின் காணொளி, ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த காட்சிகளைக் கோத்தது. அதில் உல்ரிக், கிப் விங்கர் என்னும் பாடகரின் படத்தைச் சுவரில் மாட்டி அதன்மீது ஈட்டிமுள் எறிந்து விளையாடுகிறார். விங்கரின் குழு பவர் பாலட் பாடிப் புகழ்பெற்றது. தாங்கள் பாலட் பாடும் காணொளியிலேயே பாலட் பாடும் இன்னொருவரை இலக்காக்கியது சிறுமை என்றே சொல்ல வேண்டும். 'நாங்கள் அவர்களைப் போல அல்ல' என்று ரசிகர்களுக்கு உறுதியளிக்கும் பதற்றம் அதில் தெரிகிறது. விங்கரோ செவ்வியல் இசைப் பயிற்சி உடையவர். பிற்காலத்தில் பாலே நடனத்துக்கும் வாத்தியக் குழுக்களுக்கும் இசை எழுதியவர். கேமனின் வயலின்களை ஒளித்துவைத்த பாட்டின் காணொளியில் அவர் படம் குத்துப்பட்டது.

பிறர் பாட்டாக

1999 ஏப்ரலில் கேமனே முன்னின்று நடத்த, சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனி குழுவுடன் மெட்டாலிகா பெர்க்லி நகரில் இரண்டு இரவுகள் வாசித்தது. எட்டு ஆண்டுகளாகத் தாழ்ந்து கிடந்த அவருடைய இசை அன்று முழு ஒலியில் எழுந்தது. 'எஸ் அண்ட் எம்' என்ற பெயரில் அது வெளிவந்தது. கேமன் 2003 நவம்பரில் காலமானார். அதே சிம்ஃபனியுடன் 2019 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மீண்டும் நடந்த நிகழ்ச்சியிலும் இப்பாடல் இடம்பெற்றது.

அதற்கு முன்பே இது மெட்டல் வட்டத்துக்கு வெளியே போகத் தொடங்கியிருந்தது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் சிபேலியஸ் இசைக் கல்லூரி மாணவர்கள் 1993-இல் தொடங்கிய அபோகலிப்டிகா குழு மெட்டாலிகாவின் பாடல்களைச் செல்லோ கருவிகளில் வாசித்து வந்தது. 1998-இல் வந்த அவர்களுடைய 'இன்க்விசிஷன் சிம்ஃபனி' தொகுப்பில் நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ் உள்ளது. சொற்களும் கிதாரும் இல்லாமல், மெட்டு மட்டுமே நிற்கும் என்பதை அது காட்டியது. 2021-இல் வந்த 'ஜங்கிள் குரூஸ்' என்னும் திரைப்படத்துக்காக ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் இதை மெட்டாலிகாவுடன் சேர்ந்து மறுவடிவம் செய்தார். அதே ஆண்டில் இதன் காணொளி யூடியூபில் 100 கோடி பார்வைகளைக் கடந்தது. அக்குழுவின் காணொளிகளில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே.

தொகுப்பின் முப்பதாம் ஆண்டையொட்டி 2021 செப்டம்பரில் வந்த 'மெட்டாலிகா பிளாக்லிஸ்ட்' இவ்விஷயத்தில் நல்ல ஆவணம். 53 கலைஞர்கள் அத்தொகுப்பின் 12 பாடல்களில் தமக்கு விருப்பமானதைத் தேர்ந்து பாடினர். பன்னிரண்டு பேர் நத்திங் எல்ஸ் மேட்டர்ஸைத் தேர்ந்தனர். வேறெந்தப் பாடலுக்கும் இத்தனை பேர் இல்லை. மைலி சைரஸின் வடிவத்தில் எல்டன் ஜான் பியானோவும் யோ-யோ மா செல்லோவும் வாசிக்கின்றனர். கரகரத்த குரலில் அவர் பாடுவது ஹெட்ஃபீல்டின் பாணிக்கு நெருங்கிவருகிறது. ஆனால் சுற்றிலும் இவ்வளவு பெரிய பெயர்கள் கூடியதால் பாட்டு தேவைக்கு மேல் அலங்கரிக்கப்பட்டதாகப் படுகிறது. இதையொட்டி ஒரு வானொலி நிகழ்ச்சியில் எல்டன் ஜான் இதை எழுதப்பட்ட மிகச் சிறந்த பாடல்களுள் ஒன்று என்று புகழ்ந்தபோது ஹெட்ஃபீல்ட் கண்கலங்கினார்.

நாட்டுப்புற இசைப் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டன் இதையே நீட்டி, கிதார் வாசிப்புக்கு நிறைய இடம் கொடுத்துப் பாடினார். ஃபீபி பிரிட்ஜர்ஸ் குரலைக் கிசுகிசுப்பாக்கி, மீட்டும் கிதாருக்குப் பதில் பியானோவை வைத்தார். தொலைபேசியில் ஒருவரிடம் மட்டும் பேசுவது போன்ற அந்தத் தொடக்கநிலைக்கு மிக அருகில் வருவது அவருடைய வடிவம் என்பேன். செவ்வியல் பியானோ கலைஞர் இகோர் லெவிட்டின் வடிவத்தில் குரலே இல்லை. பெத்தோவன் வாசித்துப் பெயர் பெற்ற அவர், திறந்த தந்திகளில் பிறந்த அந்த ஏறி இறங்கும் மீட்டலைப் பியானோவில் தனியே வாசிக்கிறார். 1991-இல் தயாரிப்பாளரைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் நடந்த சச்சரவு எதையும் அறியாத ஒருவர் முதன்முதலில் கேட்பதற்கு இந்த வடிவத்தைப் பரிந்துரைக்கலாம். அதற்குப் பின் மூலப் பாடலைக் கேட்டால், டிரம்ஸும் மின்கிதாரும் எங்கே எதற்காகச் சேர்ந்தன என்பது தெளிவாகக் கேட்கும்.